ஒரு மாத்திரை, ஒரு பி.பி.எம்.

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு நீச்சல் குளத்தைப் பற்றிப் பதிவு போடுவது, பந்தியில் இடம் கிடைக்காமல் நிற்பவன் முன்னால் பாயசத்தில் முந்திரி குறைவு என்று அலுத்துக்கொள்வது மாதிரி. தெரியும். திட்ட நினைப்பவர்கள் இப்போதே திட்டிவிடுங்கள். ஆனால் தண்ணீர்ப் பஞ்ச ஊராக இருப்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் குடியிருப்பு ஒயிட்ஃபீல்டு பக்கம், 64 வீடுகள். இதுவரை பில்டர் பார்த்துக்கொண்டிருந்த பராமரிப்பு இந்த ஆண்டுதான் வீட்டுக்காரர்கள் சங்கத்தின் கைக்கு வந்தது. லிஃப்ட், ஜெனரேட்டர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, இவற்றோடு ஒரு நீச்சல் குளம். லிஃப்டுக்கு ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் மாட்டினார். ஜெனரேட்டருக்கு ஒரு ரிட்டயர்டு மின்வாரிய அதிகாரி. நான் மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்ப்பவன். "நீங்க கெமிஸ்ட்ரிதானே சார்" என்று குளத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைப்புரடை கட்டிக்கொண்டு நீச்சல் பழகிய எனக்கு இப்படி ஒரு பதவி வரும் என்று எங்கள் அப்பாரு கனவிலும் நினைத்திருக்க மாட்டார் :-)

சொல்ல வந்த கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளத்துக்குப் போடும் வெள்ளைக் குளோரின் மாத்திரை இருக்கிறதே, 200 கிராம் வில்லை, டப்பாவில் டிரைக்ளோர் என்றோ டி.சி.சி.ஏ. 90 என்றோ எழுதியிருக்கும். அதைத் தினப்படி உபயோகிக்கும் பழக்கத்தைப் புதிதாகக் குளம் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே விட்டுவிட வேண்டும். அந்த மாத்திரை ஒரு கடன். அதைத் தண்ணீராகத்தான் திருப்பிக் கட்ட முடியும், அதுவும் இந்த ஊரில்.

ஏன் என்று புரிய கொஞ்சம் கெமிஸ்ட்ரி வேண்டும். பயப்படாதீர்கள், பத்தாம் வகுப்பு அளவுதான்.

குளோரினை எந்த வடிவத்தில் போட்டாலும், மாத்திரையோ திரவமோ பிளீச்சிங் பவுடரோ, தண்ணீரில் கிருமியைக் கொல்லும் வேலையைச் செய்வது ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற ஒரே ஆள்தான். பி.எச். 7.5-இல் இருக்கும்போது போட்டதில் ஏறக்குறைய பாதி இந்த அமிலமாக இருக்கும், மீதி சோம்பேறியான அயனியாக மாறியிருக்கும். பி.எச். 8-க்கு ஏறினால் உழைக்கிற ஆள் கால் பங்குக்கும் கீழே போய்விடுவார். 8.5 என்றால் பத்தில் ஒரு பங்குதான். பி.எச். பார்க்காமல் குளோரின் கொட்டுவது வீண் என்பது இதனால்தான். 7.2-க்கும் 7.8-க்கும் நடுவே வைத்திருங்கள்.

இந்த அமிலத்துக்கு வெயில் ஆகாது. நேரடி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடும். அதற்குக் குடை பிடிக்க வருவதுதான் சயனூரிக் அமிலம். பெயரைப் பார்த்து சயனைடு என்று பதற வேண்டாம், அந்த அளவுக்கு விஷம் கிடையாது. குளோரினைத் தன்னோடு லேசாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடும். திறந்தவெளிக் குளத்துக்கு 30 முதல் 50 பி.பி.எம். வரை இருப்பது நல்லது. நான் இதற்கு எதிரி இல்லை.

சிக்கல் என்னவென்றால், டிரைக்ளோர் மாத்திரை என்பதே குளோரினும் சயனூரிக் அமிலமும் சேர்ந்து செய்த பொருள். குளோரின் ஒன்றிரண்டு நாளில் செலவாகிவிடும். சயனூரிக் அமிலம் செலவாகாது. ஆவியாகாது. ஃபில்டரில் நிற்காது. வந்த விருந்தாளி சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார், அவர் கொண்டுவந்த பெட்டி மட்டும் வீட்டிலேயே இருக்கிறது. மறுநாள் இன்னொரு விருந்தாளி, இன்னொரு பெட்டி.

எங்கள் குளம் 15 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர். ஆக 108 கன மீட்டர், அதாவது 1,08,000 லிட்டர். இதில் ஒரு 200 கிராம் மாத்திரை கரைந்தால் குளோரின் சுமார் 1.7 பி.பி.எம். கிடைக்கும், சயனூரிக் அமிலம் 1 பி.பி.எம். ஏறும். என்ன வசதியான எண் பாருங்கள். ஒரு மாத்திரை, ஒரு பி.பி.எம். தினம் ஒன்று போட்டால் மாதம் 30. மூன்றாவது மாதம் 90. உங்கள் குளம் இதில் பாதி அளவென்றால் ஒரு மாத்திரைக்கு இரண்டு பி.பி.எம். என்று போட்டுக்கொள்ளுங்கள்.

நூறைத் தாண்டினால் என்ன ஆகும்? வெளியே ஒன்றும் தெரியாது. அதுதான் கொடுமை. தண்ணீர் பளிங்காக இருக்கும். டெஸ்ட் கிட் குளோரின் 2 என்று காட்டும். ஆனால் அந்த 2-இல் பெரும்பகுதி சயனூரிக் அமிலத்தின் பிடியில் இருக்கிறது. கிட்டில் விடும் சொட்டு அந்தப் பிடியில் இருப்பதையும் இழுத்து எண்ணிவிடும். பாக்டீரியா அவ்வளவு நேரம் காத்திருந்து இழுக்காது. பாசி வராமல் இருக்க, சயனூரிக் அளவில் சுமார் 7.5 சதவீதம் குளோரின் வேண்டும் என்பது குளக்காரர்களிடம் புழங்கும் கணக்கு. 30 இருந்தால் 2 பி.பி.எம். சொச்சம் போதும். 160 இருந்தால் 12 வேண்டும். 12 பி.பி.எம். தண்ணீரில் நான் என் மகளை இறக்க மாட்டேன்.

160 என்று சும்மா எழுதவில்லை. பொறுப்பு கைக்கு வந்த வாரம் நான் அளந்தபோது எங்கள் குளத்தில் இருந்தது அதுதான். சயனூரிக் சோதனை பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். தண்ணீரில் ஒரு கரைசலைக் கலந்தால் பால் மாதிரி கலங்கும். அதைக் குழாயில் ஊற்றிக்கொண்டே வர வேண்டும், அடியில் இருக்கிற கறுப்புப் புள்ளி எந்த உயரத்தில் மறைகிறதோ அதுதான் அளவு. அந்தக் கரைசலில் இருப்பது மெலமைன். 2007-இல் அமெரிக்காவில் கலப்படத் தீவனம் தின்ற நாய், பூனைகளின் சிறுநீரகத்தில் படிகம் கட்டியது நினைவிருக்கிறதா? மெலமைனும் சயனூரிக் அமிலமும் சேர்ந்து கட்டிய அதே படிகம்தான் இந்தக் குழாயிலும் வெள்ளையாக மிதக்கிறது. (மருந்துக் கம்பெனிக்காரன் புத்தி, விட மாட்டேன்.) குழாயில் நூறு வரைதான் கோடு. எங்கள் தண்ணீர் அதையும் தாண்டியதால், சரிபாதி கேன் தண்ணீர் கலந்து மறுபடி பார்த்தேன். 80 காட்டியது. இரண்டால் பெருக்கினால் 160.

பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். குளம் நிரப்பியதிலிருந்து வாங்கியது 50 கிலோ மாத்திரை, அதாவது 250 வில்லை. 160 தண்ணீரிலேயே இருக்கிறது. மீதி பேக்வாஷோடும், பிள்ளைகள் தளும்பித் தெளித்ததோடும் போயிருக்கும். வரவு செலவு அழகாக ஒத்துப்போகிறது.

இத்தனைக்கும் பம்ப் ரூமில் ஒரு நோட்டு இருந்தது. தினம் இரண்டு வேளை, பி.எச். 7.4, குளோரின் 2.0. மாதக்கணக்காக அதே எண்கள், ஒரே பேனா, ஒரே சாய்வு. எங்கள் கம்பெனியில் இப்படி ஒரு நோட்டை ஆடிட்டர் பார்த்தால் டீ கூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுவார். ஒப்பந்தக்காரரைக் கேட்டேன். "சார், தண்ணி புளூவா இருக்கா இல்லையா, அதைப் பாருங்க" என்றார்.

இந்த நீலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குளத்தை நீலமாக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். நீல டைல்ஸ் ஒட்டினாலே போதும். போதாதென்று சிலர் மயில்துத்தம் வேறு போடுகிறார்கள். அது தாமிரம், பாசியைக் கொல்லும், உண்மைதான். கிருமி விஷயத்தில் அதை நம்ப முடியாது. அளவு மீறினால் சுவரில் கறை பிடிக்கும், வெளிர்நிற முடி பச்சையாகும். (நம்ம ஊர்த் தலைக்கு அந்தக் கவலை இல்லை, டை அடித்தவர்கள் மட்டும் ஜாக்கிரதை.)

நீலம் ஏமாற்றும் என்றால் வாசனை அதைவிட ஏமாற்றும். "குளோரின் வாசனை கும்முனு வருது, சுத்தமா இருக்கு" என்று எங்கள் பிளாக்கில் ஒரு அம்மா தினம் சொல்வார். நல்ல குளத்தில் வாசனை அநேகமாக இருக்காது. மூக்கைத் துளைக்கும் அந்த வாடை, குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமின்களின் வாடை. கண் எரிச்சலுக்கும் அதுதான் முக்கியக் காரணம். நம் ஊரில் பாதிக் குளங்களுக்கு வாங்கி வைத்திருக்கும் மலிவு கிட், அந்த மஞ்சள் சொட்டு மருந்து, ஓ.டி.ஓ., இருக்கிறதே, அது உருப்படியான குளோரினையும் இந்த அழுகிப்போன குளோரமினையும் பிரித்துக் காட்டாது. இரண்டையும் சேர்த்து மஞ்சளாக்கி "பேஷ்" என்று சொல்லிவிடும். டி.பி.டி. என்கிற சிவப்பு நிறம் காட்டும் சோதனை வாங்குங்கள். அதில் முதலில் தனிக் குளோரின், பிறகு மொத்தக் குளோரின் என்று இரண்டு எண் வரும். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் உங்கள் குளத்தில் எத்தனை பேர் குளிக்காமல் இறங்கினார்கள் என்பதற்கான சாட்சி. டி.பி.டி.க்கும் ஒரு குணக்கேடு உண்டு. குளோரின் ரொம்ப அதிகமானால் சிவப்பே வெளுத்துப்போய் பூஜ்யம் மாதிரி தெரியும். பூஜ்யம் என்று நினைத்து இன்னும் ஒரு வாளி ஊற்றிவிடக் கூடாது. சந்தேகம் வந்தால் நல்ல தண்ணீர் கலந்து மறுபடி பாருங்கள்.

இதெல்லாம் ரொம்பப் படம் காட்டுவதாகத் தோன்றினால், ஒரு கணக்கு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்வது: 1 பி.பி.எம். குளோரின், பி.எச். 7.5, 25 டிகிரி வெப்பம் இருந்தால் ஈ.கோலை பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் சாகும். ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்கு 16 நிமிடம். ஜியார்டியாவுக்கு 45 நிமிடம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற மகானுபாவர் 15,300 நிமிடம், அதாவது பத்து நாளுக்கு மேல் உயிரோடு இருப்பார். சயனூரிக் அமிலம் சேரச் சேர இந்த நேரமெல்லாம் நீளும். வயிற்றுப்போக்கு உள்ள ஒரு குழந்தை இறங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 2024-லும் 2025-லும் பக்கத்துக் கேரளாவில் மூளையைத் தாக்கும் அமீபா நோய் வந்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பீதி. அந்த அமீபாவுக்குப் பிடித்தது வெதுவெதுப்பான, குளோரின் போதாத நன்னீர். நோய் மிக அரிது, பீதி அனாவசியம். ஆனால் அந்த வாரம் ஃபார்வர்டு அனுப்பிய 30 பேரில் ஒருவர்கூட நம் குளத்தில் குளோரின் எவ்வளவு என்று கேட்கவில்லை.

இனி தண்ணீர்க் கணக்கு. 160-ஐ 40-ஆகக் குறைக்க மருந்து கிடையாது. முக்கால் பங்குத் தண்ணீரை வெளியே விட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புவது ஒன்றே வழி. முக்கால் பங்கு என்றால் 81,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் ஏழு வேண்டும். 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு விலை நிர்ணயித்தது. 12,000 லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய், பத்து கிலோமீட்டர் வரை 1,200. அந்த விலையில் கிடைத்தால் (கிடைத்தால்!) எட்டாயிரம் சொச்சம். 64 வீட்டுக்கு இது ஒரு பிறந்தநாள் கேக்குக் காசு. எங்கள் கமிட்டியில் பலருக்கு அதனால்தான் இது பிரச்சினையாகவே தெரியவில்லை.

ஆனால் நகரங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று நம் நாட்டில் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். 81,000 லிட்டர் என்பது 600 பேருக்கு ஒரு நாள் தண்ணீர். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஐந்து மாதம். அதே 2024 மார்ச்சில் பெங்களூர் குடிநீர் வாரியம் நீச்சல் குளங்களுக்குக் குடிநீர் பயன்படுத்தத் தடை போட்டது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம். எங்களுக்குப் பின்னால் இருக்கிற தகர ஷெட்டுகளில் அந்த மாதம் குடத்தோடு நின்றவர்களை என் பால்கனியிலிருந்தே பார்க்க முடிந்தது. (காவிரியைப் பற்றி நான் இங்கே எதுவும் பேசமாட்டேன். நான் இந்த ஊரில் இன்னும் கொஞ்ச காலம் குப்பை கொட்ட வேண்டும்.)

"அப்படியானால் குளமே எதுக்குங்க?" என்று தங்கமணி கேட்டார். நியாயமான கேள்வி. பதிலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 90 சதுர மீட்டர் பரப்பில் நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 450 லிட்டர். மாதத்துக்கு 13,500. ஒரு டேங்கரும் கொஞ்சமும். ராத்திரி மேலே ஒரு விரிப்பு போட்டு மூடினால் அதிலும் கணிசமாகக் குறையும். காலி செய்யாமல் வைத்திருந்தால் குளம் அப்படியொன்றும் பெரிய குடிகாரன் இல்லை. வருடா வருடம் மொத்தமாகக் கவிழ்ப்பதுதான் அநியாயம், அந்தக் கவிழ்ப்பைக் கட்டாயமாக்குவது இந்த மாத்திரை. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். சயனூரிக் அமிலம், கால்சியம், உப்பு எல்லாம் உள்ளேயே நிற்கும். அதன் மேல் போர்வெல் தண்ணீரைச் சேர்த்தால் அதன் கடினத்தன்மையும் கூடச் சேரும்.

மாத்திரைக்குப் பதில் என்ன? திரவக் குளோரின்தான், சோடியம் ஹைப்போகுளோரைட், நீல நிற கேனில் வரும். எங்கள் குளத்துக்கு 2 பி.பி.எம். ஏற்ற, 10 சதவீதச் சரக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் போதும். கூடவே வருவது கொஞ்சம் சாப்பாட்டு உப்பு மட்டும். குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் வைத்தால் சில வாரங்களில் வலுவிழந்துவிடும், எனவே மொத்தமாக வாங்கிக் குவிக்கக் கூடாது. தினமும் ஒருவர் ஊற்றியாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை உட்பட. மாத்திரை என்றால் மிதவையில் போட்டுவிட்டு மூன்று நாள் ஊருக்குப் போய்விடலாம். ஒப்பந்தக்காரர்கள் மாத்திரையை விரும்புவதற்குக் காரணம் இதுதான், அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

"அப்ப பிளீச்சிங் பவுடர்?" என்று ரிட்டயர்டு மின்வாரியம் கேட்டார். ஊரில் பஞ்சாயத்துக்காரர்கள் கிணற்றில் கரைத்து ஊற்றிய நினைப்பு எல்லோருக்கும் இருக்கும். கிணற்றுக்குச் சரி. குளத்தில் அது சுண்ணாம்பை அடியில் வண்டலாக இறக்கிவிடும். ஏற்கெனவே கடினமான போர்வெல் தண்ணீரில் இன்னும் கால்சியம் ஏற்றினால் டைல்ஸ் ஓரத்தில் வெள்ளைக் கோடு கட்டும், ஃபில்டர் மணல் கல்லாகும்.

திரவத்துக்கு மாறுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிரைக்ளோர் அமிலத்தன்மை உள்ளது, இத்தனை நாள் பி.எச்.சைத் தானே அழுத்தி வைத்திருக்கும். அதை நிறுத்தினால் பி.எச். மேலே ஏற ஆரம்பிக்கும், பூல் தம்பி பயந்துபோய் "சார், இந்த மருந்து ஆகலை" என்பார். மருந்தில் கோளாறு இல்லை. போர்வெல் தண்ணீரில் காரத்தன்மை அதிகம். அதில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி, வெளியே போய்க்கொண்டே இருக்கும். அது போகப் போக பி.எச். ஏறும். தினம் அரை லிட்டர் ஆசிட் ஊற்றி பி.எச்.சோடு மல்லுக்கட்டுவதைவிட, மொத்தக் காரத்தன்மையை ஒருமுறை 80-க்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டால் ஆட்டம் அடங்கும். எங்களுக்கு 240 இருந்தது. பத்து பி.பி.எம். இறக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம், 33 சதவீதம், சுமார் இரண்டு லிட்டர். ஒரே நாளில் செய்யாதீர்கள். பி.எச்.சை 7.2 வரை இறக்குங்கள், பம்பை ஓட்டித் தண்ணீரைக் குலுக்குங்கள், அது ஏறட்டும், மறுபடி இறக்குங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகும். காரத்தன்மை ரொம்பக் கீழே போய்விட்டால் கவலைப்பட வேண்டாம், அதற்கு மருந்து ஆப்ப சோடா. இந்த அளவுக் குளத்துக்குப் பத்து பி.பி.எம். ஏற்ற 1.8 கிலோ.

ஆசிட் பற்றிப் பேசும்போது அந்தத் தம்பியைப் பற்றியும் பேச வேண்டும். ராய்ச்சூர் பக்கத்துப் பையன், வயது இருபதுகூட இருக்காது. செருப்பில்லாத கால், கையுறை இல்லாத கை, பம்ப் ரூமில் ஆசிட் கேனும் குளோரின் கேனும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு, முதல் உலகப் போரில் அகழிகளில் மனிதர்களைக் கொன்ற அதே வாயு. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மாத்திரைத் தூளும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் தீப்பிடிக்கவும் வெடிக்கவும் கூடும். ஒரே கரண்டியை இரண்டுக்கும் உபயோகிப்பதே ஆபத்து. என் ஓட்டைக் கன்னடத்தில் இதை அவரிடம் சொன்னேன். "யாரும் சொல்லலை சார்" என்றார். கையுறை, கண்ணாடி, பூட்ஸ் மூன்றும் இப்போது வாங்கியாயிற்று, ஆசிட் தனி இடத்துக்குப் போய்விட்டது. நீங்கள் குளத்தைக் கையில் வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை எது என்று கேட்டால், தண்ணீர்ச் சோதனைக்கும் முன்னால் இதைத்தான் சொல்வேன்.

சரி, 160-க்கு என்ன செய்வது? கமிட்டியில் மூன்று கட்சி. ஒன்று, மொத்தத்தையும் கவிழ்த்து நிரப்பிவிட்டு மாத்திரையையே தொடரலாம் என்பவர்கள். இரண்டு, இப்படியே விடலாம், இதுவரை யாரும் சாகவில்லையே என்பவர்கள். (அப்படியே சொன்னார்கள்.) மூன்றாவது கட்சி நான், துணைக்கு நடைப்பயிற்சி போகும் ஒரு தாத்தா.

நான் சொல்வது இது. பாதித் தண்ணீரை மட்டும் இப்போது மாற்றுவோம், 54,000 லிட்டர். சயனூரிக் 80-க்கு வரும். குளோரினை 5, 6 என்று வைத்துக்கொண்டால் குளத்தைத் திறக்கலாம். அதுவரை பூட்டு. கோடை விடுமுறையில் குளத்தைப் பூட்டுவதா என்று பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்னை முறைத்தார்கள். லிஃப்டில் ஒரு ஆறு வயசுக்காரி, "அங்கிள், நீங்கதான் பூலுக்கு லாக் போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு ஐந்து மாடியும் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இருக்கட்டும். வெளியேற்றும் தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல், நாலைந்து நாள் வெயிலில் குளோரின் அடங்கவிட்டு, கழிவறை ஃப்ளஷ் தொட்டிக்கு விடலாம். அதற்குக் குழாய் ஏற்கெனவே இருக்கிறது.

மீதிப் பாதியை மழை பார்த்துக்கொள்ளும். பெங்களூரில் வருடத்துக்கு ஏறக்குறைய 970 மில்லிமீட்டர் மழை. குளத்தின் 90 சதுர மீட்டர் மேல் மட்டும் விழுவதே 87,000 லிட்டர். பக்கத்து மொட்டைமாடியில் 500 சதுர மீட்டர் இருக்கிறது, அங்கே 100 மில்லிமீட்டர் பெய்தால் இன்னொரு 50,000. மழைநீரில் சயனூரிக் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. ஆகஸ்டில் இருந்து அக்டோபர் வரை, நல்ல மழை வரும் என்று தெரிந்த வாரங்களில் குளத்து நீரை அரை அடி இறக்கி வைப்போம். அந்த நாட்களில் மேல் வாய்க்கு நீர் எட்டாது, அடி வடிகால் வழியாக மட்டும் பம்ப் ஓடட்டும். முதல் மழையின் மாடி அழுக்கைத் தள்ளிவிட்டு, அதற்கப்புறம் வருவதை ஃபில்டர் வழியாக உள்ளே விடுவோம். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் 80 பாதியாகிவிடும். டேங்கர் வேண்டாம்.

இதற்கு நடுவே மாத்திரைக்கு முழுத் தடை வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. திரவம் வராத நாள், தம்பி ஊருக்குப் போன நாள், இதற்கெல்லாம் மாத்திரை இருக்கட்டும். வருடத்துக்கு 30 வில்லை, அதற்கு மேல் கிடையாது. பேக்வாஷிலும் மழையிலும் வெளியே போகிற அளவை இது ஈடுகட்டும், அவ்வளவுதான். ஒவ்வொன்றும் எண்ணி, டப்பா பூட்டில், சாவி செக்யூரிட்டி மேஜையில். குளத்து வாசலில் ஒரு கரும்பலகை: பி.எச்., தனிக் குளோரின், மொத்தக் குளோரின் தினம் இரு வேளை. காரத்தன்மை வாரம் ஒருமுறை. சயனூரிக் மாதம் ஒருமுறை, அதன் பக்கத்தில் இந்த வருடம் போட்ட மாத்திரை எண்ணிக்கை. யார் வேண்டுமானாலும் கிட்டை வாங்கி அளந்து பார்க்கலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் இப்போதே அளக்க வரத் தயாராக இருக்கிறார்கள், தம்பி எழுதும் எண்ணை அவர்கள் சரிபார்ப்பதில் தம்பிக்கும் ஒரு குஷி.

பாதி மாற்றும் தீர்மானம் ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. மாத்திரைக்கு உச்சவரம்பு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் அடுத்த கூட்டத்துக்கு உப்பு மெஷின் கொட்டேஷனோடு வருகிறாராம். தண்ணீரில் உப்பைக் கரைத்து மின்சாரத்தால் அங்கேயே குளோரின் தயாரிக்கும் பெட்டி, மாத்திரையும் வேண்டாம், கேனும் வேண்டாம் என்கிறார். எங்கள் தண்ணீரின் கால்சியத்துக்கு அந்தத் தகடுகள் எத்தனை மாதம் தாங்கும் என்று நான் கேட்கப்போகிறேன். பதில் வந்ததும் அது தனிப் பதிவு.